பறிக்க முடியாத தாளம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு மக்களினத்திடமிருந்து நிலத்தைப் பறிக்கலாம், பெயரைப் பறிக்கலாம், மொழியையும் மறக்கச் செய்யலாம். ஆனால், உடலில் ஊறிய தாளத்தைப் பறிக்க இயலுமா? அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வெறுங்கையுடன் கரையிறங்கினர். அவர்கள் நினைவில் சுமந்துவந்த இசையே பின்னாளில் அமெரிக்க இசைக்கும் நடனத்திற்கும் வேராயிற்று. அந்த வேரின் வரலாற்றையும் அதற்குரியோர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட மதிப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடல் கடந்த நினைவு

கி.பி. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் கடற்பயணத்திலேயே உயிரிழந்தனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் அமைந்துள்ள நிலப்பகுதிக்கு வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயக் குடியேற்றமாகிய வர்ஜீனியாவில் 1619ஆம் ஆண்டு இருபதுக்கும் சற்று மிகுதியான ஆப்பிரிக்கர்கள் கரையிறக்கப்பட்டது, அங்கு இவ்வரலாற்றின் தொடக்கமாகக் குறிக்கப்படுகிறது.

கப்பலில் ஏற்றப்பட்டோர் உடைமை எதனையும் உடன் கொண்டுவர இயலவில்லை. கரையிறங்கியபின் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. புதிய பெயர்கள் சூட்டப்பட்டன. வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே பண்ணையில் வேலை செய்ய நேர்ந்தது. அத்தகைய நிலையில், மொழி வேறுபட்டோரையும் ஒன்றிணைத்த பொதுமொழியாக இசை விளங்கியது.

ஆப்பிரிக்க இசையின் இயல்புகள்

ஆப்பிரிக்கா பல நூறு இனங்களும் மொழிகளும் கொண்ட கண்டமாகும். ஆதலால், ஆப்பிரிக்க இசை என ஒற்றை இசை ஒன்று இல்லை. எனினும், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் தாயகங்களான மேற்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதிகளின் இசையில் சில பொதுக்கூறுகளைக் காணலாம்.

முதலாவது, பல்தாளம். ஒரே கால அளவில் ஒரு கை இரண்டு அடிகளையும் மற்றொரு கை மூன்று அடிகளையும் சீராகத் தட்டினால் தோன்றும் பின்னலே இதன் எளிய வடிவமாகும். கானா, டோகோ நாடுகளில் வாழும் ஈவே மக்களின் இசையில் இரும்பு மணி ஒன்று மாறாத நடையை ஒலித்துக்கொண்டிருக்க, முரசுகள் அதன்மீது வேறுவேறு நடைகளைப் பின்னிச் செல்லும்.

இரண்டாவது, அழைப்பும் மறுமொழியும். ஒருவர் ஓர் அடியைப் பாட, குழுவினர் அதற்கு விடையாக மற்றோர் அடியைப் பாடுவர். இங்குப் பாடுவோர், கேட்போர் என்னும் பிரிவு இல்லை. கூடியிருப்போர் அனைவரும் பாடகரே.

மூன்றாவது, குரலின் நெகிழ்ச்சி. சுரங்களை வளைத்தும் இழுத்தும் கரகரப்பாக்கியும் உணர்ச்சியை வெளிப்படுத்துவது அங்குப் பெருவழக்கு.

நான்காவது, இசையும் ஆடலும் பிரியாதிருத்தல். விதைப்பு, அறுவடை, பிறப்பு, இறப்பு, வழிபாடு ஆகிய எல்லா நிகழ்வுகளிலும் பாட்டும் ஆட்டமும் ஒருங்கே இடம்பெற்றன.

> தெரியுமா?
> நைஜீரியாவின் யோருபா மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளை மாற்றும். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒலிக்கவல்ல முரசினை யோருபா மக்கள் பயன்படுத்துகின்றனர். முரசின் பக்கவாட்டில் உள்ள தோல்வார்களை அழுத்தியும் தளர்த்தியும் சுரத்தை மாற்றுவர். பெயர்களையும் பழமொழிகளையும் உணர்த்தும் ஆற்றல் பெற்றிருப்பதால் இது ‘பேசும் முரசு’ எனப்படுகிறது.

முரசுக்கு விதிக்கப்பட்ட தடை

முரசு பேசும் என்பதைப் பண்ணை உரிமையாளர்களும் விரைவிலேயே உணர்ந்தனர். 1739ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றின் அருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். ஏறத்தாழ இருபது பேருடன் தொடங்கிய அவ்வணி, முரசறைந்தும் கொடி உயர்த்தியும் முன்னேறியது. முரசொலி கேட்டு வழியிலிருந்தோர் பலர் அதில் இணைந்தனர். அக்கிளர்ச்சி அன்றே கொடுமையாக ஒடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, அதாவது 1740இல், தென் கரோலினா அரசு கடுமையான அடிமைச் சட்டமொன்றை இயற்றியது. அடிமைகள் எழுதக் கற்பிக்கப்படுவதை அது தடுத்தது. முரசு, கொம்பு போன்று உரத்து ஒலிக்கும் கருவிகளை அவர்கள் பயன்படுத்துவதையும் தடை செய்தது. எழுத்தும் முரசும் ஒரே சட்டத்தால் விலக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. இரண்டும் மனிதரை மனிதரோடு இணைப்பவை என்பதை அந்த அரசு அறிந்திருந்தது.

உடலே கருவியாதல்

முரசு பறிக்கப்பட்டபோது தாளம் உடலுக்குள் குடிபுகுந்தது. கைகளைத் தட்டியும், தொடை, மார்பு, தோள் ஆகியவற்றில் அறைந்தும், காலால் தரையை மிதித்தும் பல்தாளத்தை எழுப்பும் ‘ஜூபா’ என்னும் முறை பண்ணைகளில் பரவியது. கடத்தப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக வாழ்ந்த சோலமன் நார்த்தப், 1853இல் வெளியான தம் தன்வரலாற்றில் இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். அவர் பிடில் வாசிப்பதில் வல்லவர். பிடில் ஓய்ந்தபின்னும் உடலில் அறைந்தெழுப்பிய தாளத்திற்கே மக்கள் தொடர்ந்து ஆடினர் என்பதை அவர் எழுத்தால் அறியலாம்.

வழிபாட்டில் ‘ரிங் ஷவுட்’ என்னும் வட்ட ஆட்டம் நிலைபெற்றது. வழிபடுவோர் கடிகார முள்ளின் போக்கிற்கு எதிராக வட்டமாக நகர்வர். ஒருவர் பாட, மற்றவர் விடை பாடுவர். துடைப்பக் கழியால் மரத்தரையில் இடித்து ஒருவர் தாளமெழுப்புவார். கால்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்தால் அது ஆட்டமாகும். ஆட்டமோ பாவம் எனத் திருச்சபையினர் கருதினர். எனவே, பாதங்களைத் தரையோடு தேய்த்தவாறே நகர்ந்தனர். விதியை மீறாமலேயே வேரைக் காக்கும் நுட்பத்தை இவ்வாட்டத்தில் காணலாம். ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் மக்கின்டாஷ் கவுண்டிக் குழுவினர் இம்மரபை இன்றுவரை பேணி வருகின்றனர்.

காங்கோ சதுக்கம்

முரசு வெளிப்படையாக ஒலித்த இடமும் ஒன்று இருந்தது. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளின்கீழ் இருந்து 1803இல் அமெரிக்காவுடன் இணைந்த நியூ ஆர்லியன்ஸ் நகரமே அது. அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில், நகரத் தலைவர் குறிக்கும் இடத்தில் மட்டுமே ஒன்றுகூடலாம் என 1817இல் அந்நகரம் விதி வகுத்தது. அவ்வாறு குறிக்கப்பட்ட திறந்தவெளி ‘காங்கோ சதுக்கம்’ எனப் பெயர்பெற்றது. கட்டுப்படுத்துவதற்காகக் குறிக்கப்பட்ட இடமே பண்பாட்டைக் காக்கும் இடமாக மாறியது.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வடிவமைப்பாளருள் ஒருவரான பெஞ்சமின் லட்ரோப் 1819இல் அக்காட்சியை நேரில் கண்டார். ஐந்நூறு அல்லது அறுநூறு பேர் கூடியிருந்ததாகவும், பல வட்டங்களாகப் பிரிந்து ஆடியதாகவும் அவர் தம் குறிப்பேட்டில் எழுதினார். அந்த இசை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும், முரசுகளையும் சுரைக்குடுக்கையால் செய்த நரம்புக்கருவி ஒன்றையும் அவர் வரைந்துவைத்தார். விரும்பாதவரின் கைவரைவே இன்று விலைமதிப்பற்ற சான்றாகத் திகழ்கிறது. காங்கோ சதுக்கம் தற்போது அந்நகரின் லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவிற்குள் அமைந்துள்ளது.

சுரைக்குடுக்கையில் பிறந்த பாஞ்சோ

அமெரிக்க நாட்டுப்புற இசையின் அடையாளமாக இன்று கருதப்படும் கருவி பாஞ்சோ. அதன் முன்னோடிகள் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களின் ‘அகோண்டிங்’ என்னும் கருவி, சுரைக்குடுக்கையின்மேல் தோல் போர்த்தி, நீண்ட கழியைப் பொருத்தி, நரம்பு கட்டிச் செய்யப்படுவது. அதன் அமைப்பும் வாசிக்கும் முறையும் பழைய பாஞ்சோவை ஒத்துள்ளன. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், இக்கருவியை அடிமைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தனர் என 1780களிலேயே எழுதியுள்ளார். கருவியைக் கையில் சுமந்துவரவில்லை. அதைச் செய்யும் அறிவையே சுமந்துவந்தனர்.

உழைப்பின் பாடலும் விடுதலையின் பாடலும்

வயலிலும் சாலைப்பணியிலும் மரம் வெட்டும் இடத்திலும் அழைப்பும் மறுமொழியுமாகப் பாடல்கள் ஒலித்தன. கோடரிகள் ஒரே கணத்தில் இறங்கப் பாடலின் தாளம் உதவியது. அதற்கு மற்றொரு பயனும் இருந்தது. அனைவரும் ஒரே வேகத்தில் உழைத்ததால், வலிமை குன்றியவர் தனித்துத் தெரிந்து தண்டனை பெறுவதும் தவிர்க்கப்பட்டது. எனவே, தாளம் ஒருவரையொருவர் காக்கும் அரணாகவும் அமைந்தது.

கிறித்தவ சமயப் பாடல்களும் ஆப்பிரிக்கப் பாடுமுறையும் கலந்து ‘ஸ்பிரிச்சுவல்’ என்னும் சமயப்பாடல் வகை பிறந்தது. அடிமை நிலையிலிருந்து தப்பிப் பெரும் சொற்பொழிவாளராக உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ், அடிமைகள் பாடுவதை அவர்களின் மகிழ்ச்சிக்குச் சான்றாகக் கொள்வோரைக் கண்டித்தார். பாடல்கள் துயரின் வெளிப்பாடே என 1845இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். தாமும் தோழர்களும் தப்பிச்செல்லத் திட்டமிட்ட காலத்தில், பாடலில் வரும் ‘கானான்’ என்னும் புனித நாடு அடிமைமுறை இல்லாத வடபகுதியையே குறித்தது எனவும் பதிவு செய்துள்ளார்.

அடிமைமுறை ஒழிந்தபின், டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் விடுதலை பெற்றோருக்காக 1866இல் பிஸ்க் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. பணமின்றி அது தள்ளாடியபோது, 1871இல் அதன் மாணவர் ஒன்பதுபேர் பாடி நிதி திரட்டப் புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பெற்றோரின் புனிதமான துயரப் பாடல்களை அயலார்முன் பாட அவர்கள் முதலில் தயங்கினர். பாடியபின்னரோ, உலகம் செவிசாய்த்தது. 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாரின் முன்னிலையிலும் அவர்கள் பாடினர். அவர்கள் திரட்டிய நிதியில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அவ்வளாகத்தில் நிலைத்து நிற்கிறது.

ப்ளூஸும் ஜாஸும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிசிசிப்பி முதலிய தென்மாநிலங்களில் ‘ப்ளூஸ்’ என்னும் இசைவடிவம் உருவாயிற்று. இது தனிமனிதரின் குரல். பாடகர் ஓர் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவார். அடிகளின் இடைவெளியில் கிட்டார் மறுமொழி சொல்லும். குழுவாகப் பாடிய மரபு இங்கு மனிதருக்கும் கருவிக்கும் இடையிலான உரையாடலாகச் சுருங்கியது. ஐரோப்பியச் சுரவரிசைக்குள் அடங்காது வளைந்து ஒலிக்கும் ‘நீலச் சுரங்கள்’ ஆப்பிரிக்கக் குரல்மரபின் எச்சமாகக் கருதப்படுகின்றன. இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, மிசிசிப்பியின் டட்வைலர் தொடர்வண்டி நிலையத்தில் ஓர் ஏழைக் கலைஞர் கிட்டார் நரம்பில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டு வியந்தார். அவ்வகை இசையை அவர் எழுத்துருவில் பதிப்பித்துப் பரப்பினார்.

அதே காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் ப்ளூஸ், சமயப்பாடல், ‘ராக்டைம்’ என்னும் பியானோ இசை, ஐரோப்பியப் பித்தளைக் கருவிகள் ஆகியன ஒன்றுகூடி ‘ஜாஸ்’ பிறந்தது. எழுதிவைத்த இசையை அவ்வாறே ஒப்பிக்காமல், மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பது ஜாஸின் உயிராகும். ஒருவர் தனித்து வாசிக்க, ஏனையோர் விடை தருவர். 1901இல் அந்நகரின் வறிய குடும்பத்தில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், தம் எக்காளத்தாலும் குரலாலும் ஜாஸை உலக இசையாக உயர்த்தினார்.

இம்மரபின் கிளைகள் பல. ‘காஸ்பெல்’, ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’, ‘ராக்’, ‘சோல்’ ஆகிய இசைவகைகள் இவ்வேரிலிருந்தே வளர்ந்தன. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளை இயக்கினார். பாடல்களின் தாளப்பகுதியை மட்டும் நீட்டி ஒலிக்கச் செய்த அவரது முறை, ‘ஹிப்ஹாப்’ பண்பாட்டின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது.

காலடியில் எழுந்த கலைகள்

நடனத்திலும் இதே வரலாறு தொடர்கிறது. நியூயார்க்கின் வறியோர் வாழ்ந்த ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ பகுதியில் ஆப்பிரிக்க அமெரிக்கரும் அயர்லாந்துக் குடியேறிகளும் அருகருகே வாழ்ந்தனர். ஆப்பிரிக்கக் காலடித் தாளமும் அயர்லாந்தின் ‘ஜிக்’ ஆட்டமும் கலந்து ‘டேப்’ நடனம் உருப்பெற்றது. ‘மாஸ்டர் ஜூபா’ எனப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி லேன் இக்கலையின் முன்னோடி ஆவார். 1842இல் அப்பகுதிக்கு வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பயணநூலில் வியந்து எழுதிய நடனக் கலைஞர் இவரே எனக் கருதப்படுகிறது. பறிக்கப்பட்ட முரசு, காலணியின் அடியில் மீண்டும் ஒலித்தது எனலாம்.

1920களில் ‘சார்ல்ஸ்டன்’ நடனம் பரவியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926இல் திறக்கப்பட்ட சவாய் நடன அரங்கில் ‘லிண்டி ஹாப்’ செழித்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட அங்கு இடமிருந்தது. பின்னர், ஆல்வின் எய்லி சமயப்பாடல்களையும் ப்ளூஸையும் கொண்டு 1960இல் அரங்கேற்றிய ‘ரெவலேஷன்ஸ்’ என்னும் ஆடற்படைப்பு, தற்கால நடனத்தின் பெரும்படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மறைக்கப்பட்ட பெயர்கள்

இசை பரவியது; இசைக்குரியோர் மதிக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் முகத்தில் கரிபூசி, கறுப்பரின் பாட்டையும் ஆட்டத்தையும் கேலியாக நடித்துக்காட்டும் ‘மின்ஸ்ட்ரல்’ நிகழ்ச்சிகள் பெரும்பொழுதுபோக்காயின. அவற்றில் தோன்றிய ‘ஜிம் க்ரோ’ என்னும் கேலிப்பாத்திரத்தின் பெயரே, பின்னாளில் நிறவெறிச் சட்டங்களைக் குறிக்கும் பெயராயிற்று. 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் வாசித்தோர் வெள்ளையர். ஜாஸின் முன்னோடியாகப் போற்றப்படும் கறுப்பினக் கலைஞர் பட்டி போல்டனின் வாசிப்போ இன்று கேட்கக் கிடைக்கவில்லை. ஹார்லெமில் இயங்கிய காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள் தோன்றினர்; பார்வையாளராக அவர்களின் இனத்தவருக்கு இடமில்லை.

1893இல் அமெரிக்காவில் தங்கியிருந்த செக் நாட்டு இசைமேதை அந்தோனின் துவோராக், அமெரிக்காவின் எதிர்கால இசை கறுப்பின மக்களின் மெட்டுகள்மீதே எழவேண்டும் என அறிவித்தார். அம்மெட்டுகளை அவருக்குப் பாடிக்காட்டியவர், அடிமையாக இருந்தவரின் பேரரான ஹாரி பர்லி என்னும் மாணவர். கலைகள் கலப்பது இயல்பு. கலப்பினாலேயே அவை வளர்கின்றன. பெற்றுக்கொண்டதைப் பெற்றதாகக் கூறாமல் மறைப்பதே அநீதியாகும்.

தாயகம் திரும்பிய பாடல்

ஜார்ஜியாவின் கடலோரத்தில் வாழும் கல்லா கீச்சி மக்கள் ஆப்பிரிக்கச் சொற்களையும் வழக்கங்களையும் மிகுதியாகக் காத்துவந்தவர்கள். 1930களின் தொடக்கத்தில் மொழியியல் அறிஞர் லோரென்சோ டோ டர்னர், அங்கு ஹாரிஸ் நெக் என்னும் சிற்றூரில் அமெலியா டாலி என்னும் பெண்மணி பாடிய பாடலைப் பதிவு செய்தார். தாய்வழியாகக் கற்ற அப்பாடலின் பொருளை அமெலியா அறியார். அது மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் மெண்டே மொழியில் அமைந்தது எனப் பின்னர்த் தெரியவந்தது.

பல ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் அப்பதிவுடன் சியரா லியோனின் ஊர்களில் தேடினர். செனஹுன் ங்கோலா என்னும் ஊரில் பெண்டு ஜபாட்டி என்பவர் அப்பாடலை அடையாளம் கண்டு உடன்பாடினார். இறந்தோருக்கு விடைகொடுக்கும் சடங்கில் பாடப்பெற்ற பாடல் அது. அச்சடங்கு வழக்கொழிந்தபின்னும் பாடலை மறவாதிருக்குமாறு அவருடைய பாட்டி கற்பித்திருந்தார். பிரிந்துபோன உறவினரை ஒருநாள் இப்பாடலே காட்டிக்கொடுக்கும் என்றும் அவர் கூறியிருந்தார். 1997இல் அமெலியாவின் மகள் மேரி மோரன் குடும்பத்துடன் அவ்வூருக்குச் சென்றார். கடலின் இருகரைகளிலும் தாயிடமிருந்து மகளுக்கென வழிவழியாக வந்த பாடல், ஒரே இடத்தில் மீண்டும் இணைந்து ஒலித்தது.

நிறைவாக

சட்டத்தால் முரசை அடக்க முடிந்தது. தாளத்தை அடக்க முடியவில்லை. அது கைதட்டலாக, காலடியாக, கோடரியின் இறக்கமாக, கிட்டாரின் மறுமொழியாக உருமாறி வாழ்ந்தது. இன்று உலகெங்கும் இளைஞர் விரும்பும் இசையில் அத்தாளமே ஒலிக்கிறது. ஓர் இசையைச் சுவைப்பவர், அதை ஈன்றவரின் வரலாற்றையும் அறிந்து மதிக்கும்போதே அச்சுவை நிறைவு பெறுகிறது.

கற்பவை கற்றபின்…

1. ஒரு கையால் இரண்டு அடிகளையும் மறுகையால் மூன்று அடிகளையும் ஒரே கால அளவில் தட்டிப் பழகி, வகுப்பில் நிகழ்த்திக் காட்டுக.
2. ஒருவர் பாட, குழுவினர் விடைபாடும் முறையில் அமைந்த உங்கள் பகுதிப் பாடல்களைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.
3. ‘கலைகள் கலக்கும்போது கலைஞரின் பெயர் மறையலாமா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. முரசு, கொம்பு முதலிய கருவிகளைத் தடைசெய்த தென் கரோலினாச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு
அ) 1619   ஆ) 1740   இ) 1817   ஈ) 1871

2. பொருத்துக.
அ) அகோண்டிங் – 1) வட்ட வழிபாட்டு ஆட்டம்
ஆ) ரிங் ஷவுட் – 2) உடல்வழித் தாளம்
இ) ஜூபா – 3) சுரைக்குடுக்கைக் கருவி

3. கூற்று: ரிங் ஷவுட் ஆட்டத்தில் கால்களைக் குறுக்காகக் கடக்காமல் நகர்ந்தனர்.
காரணம்: குறுக்குக் காலடி ஆட்டமெனக் கருதப்பட்டது, ஆட்டத்தைத் திருச்சபை விலக்கியது.
அ) கூற்று சரி, காரணம் தவறு   ஆ) கூற்றும் காரணமும் சரி   இ) கூற்று தவறு, காரணம் சரி   ஈ) இரண்டும் தவறு

*குறுவினா*

1. பல்தாளம் என்பது யாது?
2. உழைப்புப் பாடல்களின் இருவகைப் பயன்களைக் குறிப்பிடுக.

*சிறுவினா*

1. ‘கட்டுப்படுத்துவதற்காகக் குறிக்கப்பட்ட இடமே பண்பாட்டைக் காக்கும் இடமாக மாறியது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. பிஸ்க் மாணவர்களின் இசைப்பயணம் பற்றி எழுதுக.

*நெடுவினா*

1. முரசு தடைசெய்யப்பட்ட பின்னும் ஆப்பிரிக்கத் தாளம் எவ்வெவ்வடிவங்களில் வாழ்ந்தது என்பதைப் பாடப்பகுதி கொண்டு விவரிக்க.